பிரிக்காத பொட்டலம்

அத்தியாயம் 11

சாமியே சொன்ன பிறகு மருமகள் என்ன பேச முடியும்? போன வாரம் அப்படித்தான் ஜெயசுதா வாயை மூடிக்கொண்டாள்.

உடுமலைப்பேட்டையை விட்டுக் குடி மாறுவது என்று முடிவானதற்குக் காரணமே அவளுடைய வேலைதான். பல்லடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்ணாகச் சேர்ந்தவள், இந்த வருஷம் குவாலிட்டி மேனேஜர் ஆகிவிட்டாள். தினமும் உடுமலையிலிருந்து பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்து முதுகு விட்டுப்போயிற்று. ஷிப்மென்ட் சமயத்தில் அவள் வீடு திரும்பும்போது மகள் கிருத்திகா தூங்கியிருப்பாள். அதனால் கம்பெனிக்குப் பக்கத்திலேயே, பல்லடத்துக்கு வெளியே ஒரு புது லேஅவுட்டில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்தாள்.

புருஷன் செந்தில்வேலும் மாமனார் சென்னிமலையும் திருப்பூரைத் தாண்டி இருக்கும் வேலம்பாளையம் என்றார்கள். அங்கே செந்தில்வேலின் அண்ணன் குமரனுக்குச் சொந்தமாக ஒரு பனியன் யூனிட். மாமனாரும் அங்கேதான் இருக்கிறார். யூனிட்டுக்கு மேலே மாடி வீடு காலி.

நீயா நானா என்று இழுத்துக்கொண்டே போன விஷயத்துக்கு மாமனார்தான் வழி சொன்னார். முருகனிடம் பூக் கேட்டுவிடலாம். வெள்ளைப் பூ வந்தால் பல்லடம், சிவப்பு வந்தால் வேலம்பாளையம். சாமி காலடியில் வைத்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றைக் கிருத்திகா எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

ஜெயசுதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.  அதுதான் போன வாரம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் லோடு போகிற நாள். அடுப்படியில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள் ஜெயசுதா. பூஜை அலமாரியைக் காலி செய்யும் வேலை கிருத்திகாவுடையது. எட்டாவது படிக்கிற பெண். வேலை சொன்னால் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் செய்வாள். இன்று அந்த அறையிலிருந்து சத்தமே இல்லை.

"என்ன கண்ணு, முடிஞ்சுதா?"

ஜெயசுதா எட்டிப் பார்த்தாள். கிருத்திகா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளை பனியன் துணி ஒன்று விரிந்து கிடந்தது.

ஜெயசுதா ஓடி வந்தாள். கோயிலிலிருந்து கொண்டுவந்த இரண்டாவது பொட்டலம் அது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பிரித்துப் பார்த்தால் சாமியின் வாக்கைச் சந்தேகப்பட்ட பாவம். அப்படியே கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். போகிற வழியில் வாய்க்காலில் விடலாம் என்றுதான் அதை விபூதித் தட்டுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"ஏன்டி, அதைப் போயி பிரிப்பாங்களா?"

"திட்டாதம்மா. நான் எடுக்காம உட்ட வெள்ளைப் பூவை ஒரே ஒரு தடவ பாக்கலாம்னு..." கிருத்திகா துணியை எடுத்து அம்மா கையில் வைத்தாள். "அம்மா, இதுலயும் செவப்புதான் இருக்குது."

துணியின் நடுவே அரளிகள் வாடிச் சுருங்கிக் கிடந்தன. வாடினாலும் வெள்ளைப் பூ சிவப்பாகிவிடாது. நிறம் பார்க்கத் தெரியாதவள் இல்லை ஜெயசுதா. ஒரு லட்சம் பீஸ் துணியில் ஒரு சாயப் புள்ளியைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள்.

கோயிலிலிருந்து வந்த நாள் முதல் கிருத்திகா சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா ஆசைப்பட்ட வீடு தன் கையால் போய்விட்டது என்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். 'உன் கை என்ன கண்ணு பண்ணும், சாமி குடுத்தது' என்று ஜெயசுதாவும் தேற்றிக்கொண்டே இருந்தாள். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்தவன் ஒருவன் அதே வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு, தட்டில் இன்னொரு தோசை போடச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறான்.

பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தது செந்தில்வேல். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கீழே டெம்போவில் கட்டிலைக் கயிறு போட்டு இறுக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தான் அவன்.

"சுதா, பீரோவை இப்பவே ஏத்தீர்லாமா? அடுத்த ட்ரிப்புல பாத்துக்கலாமா?"

அவள் துணியோடு கையை நீட்டினாள்.

"அதை ஏன் பிரிச்சே? பிரிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

உள்ளே என்ன இருந்தது என்று கேட்கவில்லை பாருங்கள். ஏன் பிரித்தாய் என்றுதான் கேட்டான். அந்தக் கேள்வியிலேயே ஆள் மாட்டிக்கொண்டான்.

"ரெண்டுலயும் செவப்புங்க," என்றாள் ஜெயசுதா.

"பூக்காரம்மா மாத்திக் குடுத்திருக்கும்."

"கண்ணை மூடீட்டா கட்டுனீங்க?"

"மெதுவாப் பேசு. கீழ டிரைவரு நிக்கறான்."

"நிக்கட்டும். கோயில்ல அத்தன பேருக்கு முன்னால பண்ணும்போது வராத வெக்கம் டிரைவருக்கு முன்னால வருதாக்கும்? ஏனுங்க, எங்கிட்ட பொய் சொல்லோணும்னா நேரா மூஞ்சியப் பாத்துச் சொல்ல வேண்டீதுதான? முருகன எதுக்குங்க நடுவுல கூட்டீட்டு வந்தீங்க?"

செந்தில்வேல் சுருட்டி வைத்திருந்த மெத்தைமேல் உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டான். 

"பல்லடத்து ஊட்டுக்காரரு குடுக்க மாட்டேன்னுட்டாரு சுதா."

"ஆரு, ஆத்தப்பன் ஐயாவா?"

"ராத்திரி பத்து மணிக்கு மேல கம்பெனி வண்டியில வந்து எறங்கற பொம்பளைக்கு ஊடு உட்டா அக்கம்பக்கத்துல பேச்சாயிரும்னாரு. அத நான் எப்புடி உங்கிட்ட வந்து சொல்றது? நீ ஒடைஞ்சு போயிருவே. சாமி சொன்னா ஏத்துக்குவேன்னு நெனச்சேன்."

 ஒரு நிமிஷம் அவளுக்கு மனசு இளகத்தான் செய்தது. தன் பெண்டாட்டியை ஒருவன் இப்படிப் பேசினால் எந்தப் புருஷனுக்குத்தான் வலிக்காது? ஆனால் அடுத்த நிமிஷமே வேறொரு கேள்வி வந்து நின்றது.

"அவரு அப்புடிச் சொன்னதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது... வந்துட்டேன்."

"பொண்டாட்டிய ஒருத்தன் அப்புடிப் பேசறான், நீங்க வாய மூடீட்டு வந்துட்டீங்க. வந்து, புள்ளையோட கையால எனக்குக் குழி தோண்டுனீங்க. அத்தன நாளா அது அழுதுதுங்களே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

கீழே டிரைவர் ஹாரன் அடித்தான். செந்தில்வேலுக்கு அது நல்ல சமயத்தில் வந்த ஹாரன்.

"லோடு ஏத்தியாச்சு. அப்பா அங்க காத்திருப்பாரு. சாயங்காலம் வந்து பேசிக்கலாம்," என்று எழுந்தவன், அவள் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போய்விட்டான்.

டெம்போ கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் ஜெயசுதா சேலையை மாற்றிக்கொண்டு கிருத்திகாவைக் கூப்பிட்டாள்.

"செருப்பு போடு கண்ணு. பல்லடம் போறோம்."

"எதுக்கும்மா?"

"ராத்திரி வேலைக்குப் போயி வர்ற பொம்பளைன்னா என்னன்னு ஒருத்தருகிட்ட கேட்டுட்டு வருவோம்."

*

உடுமலையிலிருந்து பல்லடம் போகிற தனியார் பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம்தான். பாட்டு காதைப் பிளந்தது. கிருத்திகாவுக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. ஜெயசுதா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் பின்னால் ஓடின.

அந்த வீட்டை அவள் சும்மா பிடிக்கவில்லை. லீவு நாளில் எல்லாம் திருப்பூரைச் சுற்றி ஏறி இறங்கினாள். ஒரு இடத்தில் வீடு அரண்மனை மாதிரி இருந்தது, போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. இன்னொரு இடத்தில் தண்ணீர் தேன், ஆனால் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் ஒரு தெரு விளக்கு எரியவில்லை. வேறொரு வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்றபடியே, சனிக்கிழமை கறி எடுக்கக் கூடாது, விருந்தாளி தங்கக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்து, மூச்சு விடக் கூடாது என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

கடைசியாகத்தான் இந்த லேஅவுட். தெருமுனையில் கம்பெனி வண்டி நிற்கும். பள்ளிக்கூடத்துக்குக் கிருத்திகா நடந்தே போகலாம். தெருவில் பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தவுடனேதான் அவளுக்கு மனசு நிறைந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தெருவில் பெண் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றால், அந்தத் தெருவைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை என்பது அவள் கணக்கு.

அந்தத் தெருவிலா இப்படி ஒரு மனுஷன்? நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ஆத்தப்பன் கோழிப் பண்ணைக்காரர். பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு, லேஅவுட்டில் இரண்டு வீடு கட்டி ஒன்றில் குடியிருந்தார். மற்றதைத்தான் ஜெயசுதா பார்த்திருந்தாள். அவர்கள் போனபோது அந்த வீட்டு வாசலில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அட, வாங்க அம்மிணி. பாப்பா வா சாமி. வேலம்பாளையத்துக்குக் குடி போயிட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ராத்திரி பத்து மணிக்கு ஊட்டுக்கு வர்ற பொம்பளைய உங்க தெரு தாங்காதுங்களா?"

ஆத்தப்பன் பைப்பைக் கீழே போட்டார். தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது.

"என்னுங்க அம்மிணி?"

"புடிக்கலீன்னா ஊடு இல்லைன்னு சொல்லுங்க. அது உங்க ஊடு, உங்க இஷ்டம். நான் என்ன வேலைக்குப் போறேன், எந்நேரம் வர்றேன்னு என்ர ஊட்டுக்காரருகிட்ட கேவலமாப் பேச நீங்க ஆருங்க? ஒரு கன்டெய்னர் ஏத்தறதுன்னா என்னன்னு தெரியுங்களா உங்களுக்கு? நூறு பொம்பளைங்க ராத்திரி உக்காந்து பீஸ் பாத்துட்டிருக்கோம். அத்தன பேரும் கெட்டவங்களா?"

மூச்சு வாங்க அவள் நிறுத்தினாள். ஆத்தப்பன் குழாயை மூடிவிட்டு வந்தார். அவர் முகமும் சிவந்திருந்தது.

"ஆரு சொன்னா உங்களுக்கு, நான் அப்புடிப் பேசுனேன்னு?"

"எங்கூட்டுக்காரருதானுங்க."

"அம்மிணி, என்ர மருமக கோயமுத்தூர்ல நர்சு. நைட் டூட்டி முடிச்சு விடியக் காத்தால பஸ்ஸு எறங்குது. நாந்தான் வண்டி எடுத்துட்டுப் போயி கூட்டீட்டு வர்றேன். ஊட்டுக்குள்ளயே அப்புடி ஒரு புள்ளைய வெச்சுக்கிட்டு நான் போயி அந்தப் பேச்சுப் பேசுவனா?"

ஜெயசுதாவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"அப்ப... அவரு இங்க வரவே இல்லீங்களா?"

"வந்தாருங்க. வந்து, ஊடு வேண்டாமுன்னு சொன்னதே அவருதான். உங்களுக்கு இந்த மாசத்தோட கம்பெனி வேலை முடியுதாமா. அண்ணன் யூனிட்டுல செக்கிங் நீங்கதான் பாக்கப் போறீங்களாமா. அப்பறம் பல்லடத்துல ஊடெதுக்குங்கன்னாரு. சுதாவே சொல்லீட்டாங்கன்னாரு. நாங்கூட, மேனேஜரு வேலைய உட்டுப்போட்டு எதுக்கு இந்தப் புள்ள போகுதுன்னு எங்கூட்டுல சொல்லீட்டிருந்தேன்."

பக்கத்தில் நின்ற கிருத்திகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் ஒரு நிமிஷம் இளகினோமே என்று ஜெயசுதாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பூவில் பொய். அதைக் கேட்டதற்குச் சொன்ன காரணத்தில் பொய். அந்தப் பொய்யிலும் அடுத்தவர் வாயில் தன் பெண்டாட்டியைப் பற்றி அசிங்கமான வார்த்தையைப் போட்டுப் பேசவைத்த பொய். எல்லாம் எதற்கு? அவள் மேனேஜர் வேலையை விட்டுவிட்டு அண்ணன் யூனிட்டில் சம்பளமில்லாமல் பீஸ் பார்ப்பதற்கு. வேலம்பாளையத்துக்குப் போன பிறகு, தினமும் திருப்பூர் நெரிசலைத் தாண்டிப் பல்லடம் வந்து போக முடியாமல் அவளே சலித்து வேலையை விட்டுவிடுவாள். யாரும் விடச் சொன்னதாக இருக்காது. நல்ல ஏற்பாடு.

"என்னை மன்னிச்சுக்குங்க ஐயா. கண்டபடி பேசிட்டேன்."

"அது கெடக்குது உடுங்க."

"ஊடு இன்னும் இருக்குதுங்களா?"

ஆத்தப்பன் தலையைச் சொறிந்தார். "நாளைக்குக் காத்தால ஒரு பார்ட்டி பாக்க வருது. அதுக்குத்தான் கழுவீட்டிருக்கேன்."

"எனக்கே குடுங்க. இப்பவே முடிச்சுக்கலாம்."

"குடுக்கறதுல ஒண்ணுமில்லீங்க. ஆனா..." அவர் இழுத்தார். "உங்கூட்டுக்காரரு ஒரு வார்த்தை சொல்லீறட்டுமுங்க. வேண்டாம்னு சொன்னது அவரு. நாளைக்குப் புருஷன் பொஞ்சாதி சண்டை என்ர வாசல்ல வந்து நிக்கக் கூடாது பாருங்க. அவரு இன்னைக்கு ஒரு போனு போடட்டும், சரின்னு சொல்லட்டும். நான் அந்தப் பார்ட்டிய வர வேண்டாம்னு சொல்லீர்றேன்."

நல்ல மனுஷன்தான். மருமகளை விடியற்காலையில் போய்க் கூட்டிவருகிற நல்ல மனுஷன். அவருக்கும் புருஷன் வார்த்தைதான் வார்த்தை. வாடகை கொடுக்கப் போகிறவள் எதிரில் நிற்கிறாள், வேண்டாம் என்று புளுகியவனிடம்தான் சம்மதம் கேட்க வேண்டுமாம். ஜெயசுதா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரிங்க. போடச் சொல்றேன்," என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமையானாலும் குமரனின் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. அவசர ஆர்டர். குமரன் சரக்கு வாங்குகிற பையரைப் பார்க்கக் கோயமுத்தூர் போயிருந்தார். தைக்கிறவர்களில் பாதிப் பேர் வடக்கத்திப் பையன்கள். ஓவர்லாக் தையல் மெஷின்களின் சத்தத்துக்கு மேலே இந்தியில் ஏதோ கத்திப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாடிக்குப் போகிற படி அந்த ஹாலுக்கு உள்ளேதான் இருந்தது. குடியிருக்கப் போகிறவர்கள் பால் வாங்கப் போனாலும் மெஷின்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கட்டிங் டேபிள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சென்னிமலை. நெற்றி நிறைய விபூதி. வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து போகிறவர். செந்தில்வேல் கட்டில் சட்டத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தான். வாசலில் மனைவியையும் மகளையும் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"வா கண்ணு," என்றார் சென்னிமலை. "நீயும் இன்னைக்கே வந்துட்டியா? மேல போயிப் பாரு, சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்குது."

"மாமா, பூப் பொட்டலம் ரெண்டுலயும் செவப்பு வெச்சுக் கட்டியிருக்காருங்க உங்க மவன்."

கிழவருக்குக் காதில் விழவில்லையோ என்று அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். ஒவ்வொரு மெஷினாக நின்றது. பிரித்தது, பார்த்தது, ஆத்தப்பன் பெயரில் சொன்ன பொய், ஆத்தப்பன் வாயால் கேட்ட உண்மை, எல்லாவற்றையும் ஹாலின் நடுவில் நின்று சொன்னாள். தமிழ் தெரியாத பையன்கள்கூடத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள்.

சென்னிமலை எழுந்தார். மகனிடம் போய் நின்றார்.

"நெசமா?"

செந்தில்வேல் சுவரைப் பார்த்தான்.

"முருகன் பேருல பொய்ப் பூவாடா? ஏன்டா, பேத்திய உட்டு எடுக்கச் சொன்னனேடா! அந்தப் பச்சப்புள்ள கையிலயா குடுத்தே?" கிழவர் இரண்டு கையாலும் தன் கன்னத்தில் படபடவென்று அடித்துக்கொண்டார். "செக்கிங் நம்ம சுதா பாத்தா நல்லாயிருக்கும்னு நாந்தான் சொன்னேன். சொன்னேன், இல்லீங்கல. சொல்றதுன்னா நேரா சொல்லுவேன். இப்படித் திருட்டுத்தனம் பண்ணச் சொன்னனா?"

"பின்ன என்னப்பா பண்றது?" செந்தில்வேல் கட்டில் சட்டத்தைத் தள்ளிவிட்டுக் கத்தினான். "நேராச் சொன்னாக் கேக்கறவளா அவ? உடுமலையில என்னை ஆரும் பேரு சொல்லிக் கூப்புடறதில்ல, தெரியுமா? மேனேஜரம்மா ஊட்டுக்காரரு. டீக்கடையில அப்புடித்தான் கூப்புடறான். இனி பல்லடத்துலயும் போயி நான் அந்தப் பேரோட உக்காந்திருக்கோணுமா? இங்கன்னா அண்ணன் யூனிட்டு. நம்ம எடம். நானும் ஒரு ஆளு."

அப்பாடா, வந்துவிட்டது. இவ்வளவு நாளாகச் சாமி, ஆத்தப்பன், அக்கம்பக்கம் என்று எத்தனை பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த பேச்சு.

"இதைச் சொல்லியிருந்தீங்கன்னா சண்டை போட்டிருப்பேன்," என்றாள் ஜெயசுதா. "சண்டை போட்டு, அழுது, ஏதோ ஒண்ணு முடிவாயிருக்கும். உங்க வலி இதுன்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

சென்னிமலை இரண்டு பேருக்கும் நடுவில் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"கண்ணு, அந்தப் பூ செல்லாது. அது பாவக் கணக்குல போச்சு. இப்பவே கோயிலுக்குப் போலாம். என் கையால நானே ஒரு வெள்ளை, ஒரு செவப்பு கட்டறேன். நீயே பக்கத்துல நின்னு பாத்துக்க. கிருத்திகாவே மறுபடி எடுக்கட்டும். முருகன் என்ன சொல்றானோ, அதுதான். பல்லடம்னா பல்லடம், நானே வந்து பால் காச்சி வெக்கறேன்."

"ஆமா சுதா," என்று செந்தில்வேல் உடனே பிடித்துக்கொண்டான். "அப்பா சொல்றது நாயந்தான். மறுபடியும் பூவே கேட்டுக்கலாம்."

"நான் எடுக்க மாட்டேன் அப்பாரு," என்று தாத்தாவிடம் சொன்னாள் கிருத்திகா. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெயசுதா மகளைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

"வேண்டாமுங்க மாமா."

"சாமி மேல கோபமா கண்ணு?"

"சாமி மேல எனக்கென்னங்க கோபம்? அன்னைக்கு அவரு செவப்பும் சொல்லல, வெள்ளையும் சொல்லல. பேசாம உக்காந்திருந்தாரு. பேச வேண்டியவங்க பேசலீன்னுதான் அவரை இழுத்தாங்க. இனி நான் எந்த ஊட்டுல இருக்கறது, எந்த வேலைக்குப் போறதுன்னு முருகன்கிட்டயும் கேக்கறதா இல்ல."

"அப்புடிச் சொல்லாத கண்ணு. பூக் கேக்காத ஊட்டுல நான் கால் வெக்க மாட்டேன்."

"சரிங்க மாமா," என்றாள் அவள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

"போனக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் ஆத்தப்பன் நம்பரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஊடு நாங்க எடுத்துக்கறோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்ல, எம்பொண்டாட்டி வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொல்லுங்க. எதுவானாலும் சரி, உங்க வாயில வரட்டும். பூவக் கேக்கல, உங்களைத்தான் கேக்கறேன்."

மணி அடித்தது. எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க தம்பி," என்றது ஆத்தப்பனின் குரல். "அம்மிணி வந்துட்டுப் போச்சு. ஊடு வேணுமுங்களா, வேண்டாமுங்களா?"

செந்தில்வேல் வாயைத் திறந்தான். அப்பாவைப் பார்த்தான். மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை.

"தம்பி? கேக்குதுங்களா?"

ஜெயசுதா காத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை. ஒரு 'ஆமாம்', அல்லது ஒரு 'இல்லை'. இரண்டில் எது வந்தாலும் இன்று அவள் அவனை மதித்திருப்பாள். இரண்டும் வரவில்லை.

போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஐயா, நான் ஜெயசுதா பேசறேனுங்க. அவருக்கு வார்த்தை வரலீங்க. நான் சொல்றேன். அந்தப் பார்ட்டிய வர வேண்டாம்னு சொல்லீருங்க. அக்ரிமென்ட் என் பேருல போடுங்க. காத்தால நானும் எம்பொண்ணும் வந்து சாவி வாங்கிக்கறோம்."



"அது சரிங்க அம்மிணி," என்றார் ஆத்தப்பன் தயங்கித் தயங்கி. "அப்ப அவரு கூடக் குடி வரலீங்களா?"

ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கேள்வி கேட்டது.

"பக்கத்துலதான் நிக்கறாருங்க. நீங்களே கேட்டுக்குங்க," என்று சொல்லி, ஜெயசுதா போனைப் புருஷன் கையில் வைத்து அவன் விரல்களை மடக்கிவிட்டாள். கிருத்திகாவைக் கூட்டிக்கொண்டு மெஷின்களுக்கு நடுவே நடந்து வாசலுக்கு வந்து, பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினாள்.